தெரிந்தே தவறுவது எப்படிச் சாத்தியம்?

இரவு 11 மணி. காலையில் சீக்கிரம் எழ வேண்டும், இப்போதே படுத்துவிடுவதுதான் நல்லது என்று ஒருவருக்கு நன்றாகத் தெரிகிறது. அவரை யாரும் தடுக்கவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனாலும் கைப்பேசியில் அடுத்த வீடியோவைத் தட்டுகிறார். மறுநாள் கேட்டால் "தெரிஞ்சேதான் பண்ணேன்" என்பார்.

இதில் தத்துவத்துக்கு என்ன வேலை? வேலை இருக்கிறது. இரண்டு வழிகளையும் எடைபோட்டு, இதுதான் மேல் என்று முடிவுகட்டி, அதைச் செய்வதற்கான சுதந்திரமும் கையில் இருக்கும்போது ஒருவர் மற்றதைச் செய்கிறார் என்றால், அந்த எடைபோடல் எதற்கு? செயலைத் தீர்மானித்தது அது இல்லையென்றால் வேறு எது? கிரேக்கர்கள் இந்த நிலைக்கு அக்ரேசியா என்று பெயர் வைத்தார்கள். 2,400 ஆண்டுகளாக வாதம் ஓயவில்லை.

முதலில் எதெல்லாம் இதில் சேராது என்று பிரித்துவிட வேண்டும். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பது வேறு கதை. அந்த ஆள் ராமாயணத்தை நம்பவே இல்லை, வெறும் வேஷம். விளைவு தெரியாமல் செய்தால் அறியாமை. செய்யாமல் இருக்கவே முடியாத நிலை என்றால் அது நோய். யோசித்து மனம் மாறியிருந்தால் முரண்பாடே இல்லை. இவ்வளவையும் கழித்த பிறகும் ஏதாவது மிஞ்சுகிறதா என்பதுதான் புதிர்.

எதுவும் மிஞ்சாது என்றவர் சாக்ரடீஸ். பிளேட்டோவின் ‘புரோட்டகோரஸ்’ உரையாடலில் வரும் வாதம் எளியது. பக்கத்தில் இருக்கும் பொருள் பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரிவதுபோல, உடனே கிடைக்கும் இன்பம் அதன் அளவை மீறித் தெரிகிறது. அளக்கத் தெரிந்தவன் ஏமாற மாட்டான். ஏமாந்தவனுக்கு அந்தக் கணத்தில் அறிவு இல்லை. ஆக, அறிந்தும் தவறினான் என்று சொல்வதே தவறு.

திருக்குறளில் இந்த வழக்கின் இரு பக்கமும் இருக்கிறது. ‘சென்ற இடத்தால் செலவிடா தீதொரீஇ நன்றின்பால் உய்ப்ப தறிவு’ என்கிறது 422ஆம் குறள். மனத்தைப் போன போக்கில் விடாமல் நல்லதன் பக்கம் திருப்பினால்தான் அது அறிவு. திருப்பாவிட்டால் அறிவென்ற பெயருக்கே அருகதை இல்லை. ஏறக்குறைய சாக்ரடீஸின் கட்சி. ஆனால் 834ஆம் குறள், ‘ஓதி உணர்ந்தும் பிறர்க்குரைத்தும் தானடங்காப் பேதையின் பேதையார் இல்’ என்று படித்தவனை, உணர்ந்தவனை, ஊருக்கும் எடுத்துச் சொன்னவனை முன்னால் நிறுத்துகிறது. பேதை என்று திட்டினாலும், உணர்ந்தவன்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகே திட்டுகிறது. கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் கேட்பதும் இதுவே: விரும்பாத போதும், யாரோ பலவந்தமாகத் தள்ளியதுபோல், மனிதன் எதனால் பாவம் செய்கிறான்? காமமும் குரோதமும் என்று பதில் வருகிறது. யார் தள்ளினார் என்பதற்கு அது பதில். தள்ளும்போது அறிவு எங்கே போயிருந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்த இடத்தைத் தோண்டியவர் அரிஸ்டாட்டில். ‘நிகோமாக்கிய அறவியல்’ ஏழாம் நூலில் அறிவு இருப்பதையும் அறிவு வேலை செய்வதையும் அவர் பிரிக்கிறார். தூங்குபவனுக்கும் குடிபோதையில் இருப்பவனுக்கும் அறிவு ‘இருக்கிறது’. குடிகாரன் பழைய கிரேக்கச் சிந்தனையாளர் எம்பெடாக்ளீஸின் பாடல் வரிகளைக்கூடத் தடங்கலின்றி ஒப்பிப்பான். வாயில் வருவதாலேயே அது உள்ளே வேலை செய்கிறது என்று ஆகிவிடாது. ‘இது கெடுதல்’ என்று சொல்லிக்கொண்டே செய்பவரின் சொற்களும் இப்படி இருக்கலாம். இதைவிட உபயோகமான இன்னொரு பிரிவினையும் அவர் செய்தார். சிலர் யோசிக்காமல் பாய்ந்துவிடுகிறார்கள். சிலர் யோசித்து முடிவெடுத்து, அதில் நிற்க முடியாமல் சரிகிறார்கள். வெளியே இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே முறிந்த இடம் வேறு. பாய்ந்தவருக்கு யோசிக்க ஓர் இடைவெளி உண்டாக்கித் தந்தால் போதும். சரிந்தவருக்கு அந்த இடைவெளியால் எந்தப் பயனும் இல்லை, அவர் ஏற்கெனவே யோசித்துவிட்டார். தண்ணீரே தொண்டையில் அடைத்துக்கொண்டால் எதைக் குடித்து அதை இறக்குவது என்றொரு பழமொழியை அரிஸ்டாட்டில் இந்த விவாதத்தில் எடுத்துக்காட்டுகிறார். விளைவு தெரிந்தவரிடம் போய் மேலும் விளைவுகளை விளக்கும் பிரசாரங்கள் ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவவாதி ஆர். எம். ஹேர் சாக்ரடீஸை வேறு சட்டையில் திரும்பக் கொண்டுவந்தார். ‘இதைச் செய்ய வேண்டும்’ என்று மனதார ஒப்புவது தனக்குத்தானே கட்டளை இடுவது. முடிந்தும் செய்யவில்லை என்றால் மனதார ஒப்பவில்லை என்று பொருள். இதற்கு எதிராக 1970இல் அமெரிக்கத் தத்துவவாதி டொனால்ட் டேவிட்சன் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய விவாதம் பெரும்பாலும் தொடங்குகிறது. அவர் மூன்று கூற்றுகளை அடுக்குகிறார். ஒருவர் ‘அ’வை ‘ஆ’வைவிட அதிகம் விரும்பி, இரண்டையும் செய்யத் தனக்குச் சுதந்திரம் உண்டு என்று நம்பினால், இரண்டில் ஒன்றை வேண்டுமென்றே செய்யும்போது ‘அ’வைத்தான் செய்வார். ‘அ’தான் மேல் என்று மதிப்பிட்டால் ‘அ’வைத்தான் அதிகம் விரும்புவார். ஆயினும் ‘அ’ மேல் என்று மதிப்பிட்டுவிட்டு ‘ஆ’வைச் செய்பவர்கள் உண்டு. தனித்தனியே பார்த்தால் மூன்றும் சரியாகப் படும். சேர்த்து வைத்தால் இடிக்கும்.

டேவிட்சனின் விடை இது: ‘எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால் அ மேல்’ என்பது நிபந்தனையோடு கூடிய மதிப்பீடு. செயலோடு பிணைந்திருப்பது ‘அ மேல்’ என்ற நிபந்தனையற்ற மதிப்பீடு. முன்னதிலிருந்து பின்னதற்குப் போவது தர்க்கம் தானாக இழுத்துச்செல்லும் படி அல்ல. நாம் எடுத்துவைக்க வேண்டிய படி. அதைத் தவறவிடுபவர் பகுத்தறிவுக்குப் புறம்பாக நடக்கிறார், ஆனால் தர்க்க முரணில் சிக்கவில்லை. எனவே அக்ரேசியா சாத்தியம்.

அவர் எடுத்த உதாரணமும் கவனிக்கத்தக்கது. ஒருவர் படுத்துவிட்டார். பல் துலக்க மறந்தது நினைவுக்கு வருகிறது. ஒருநாள் விட்டால் ஒன்றும் ஆகாது, எழுந்தால் தூக்கம் கெடும், படுத்திருப்பதே மேல் என்று மதிப்பிடுகிறார். ஆனாலும் எழுந்துபோய்த் துலக்குகிறார். இங்கே தோற்றது சுகம், வென்றது கடமையுணர்வு. இருந்தும் இது அக்ரேசியாதான். இதை எப்போதும் ஆசைக்கும் ஒழுக்கத்துக்கும் நடக்கும் மல்யுத்தமாகப் பார்ப்பவர்கள் புதிரில் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

டேவிட்சனிடம் எனக்கு இரண்டு குறைகள். ‘எப்படிச் சாத்தியம்’ என்பதற்கு விடை சொன்னவர், ‘ஏன் அந்த நேரத்தில்’ என்பதைத் தொடவில்லை. மேலும், செய்யும்போதே ‘இது வேண்டாம்’ என்ற நிபந்தனையற்ற தீர்ப்பு ஒருவர் மனதில் தெளிவாக நிற்க முடியும் என்றால், அவருக்கு டேவிட்சனின் அமைப்பில் இடமில்லை.

நேரத்தைப் பற்றிய கேள்விக்கு விடை புறாக்களிடமிருந்து வந்தது. ஜார்ஜ் ஐன்ஸ்லி 1974இல் வெளியிட்ட சோதனையில், புறாக்கள் உடனே கிடைக்கும் சிறிய தீனியைக் கொத்துவதா, கொஞ்சம் காத்திருந்து பெரிய தீனியைப் பெறுவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். சிறியது கண்ணெதிரே வந்துவிட்டால் கொத்திவிடும். ஆனால் அந்தச் சபலம் தோன்றாமலே தடுக்கும் இன்னொரு பொத்தானை முன்கூட்டியே வைத்தபோது, சில புறாக்கள் அதைக் கொத்தக் கற்றுக்கொண்டன. தள்ளிக் கிடைப்பதன் மதிப்பு எப்படிக் குறைகிறது என்பதற்கு 1987இல் ஜேம்ஸ் மேஸர் தந்த வாய்பாடு: மதிப்பு = அளவு ÷ (1 + க × காத்திருப்பு). வரைந்தால் அதிபரவளைவு வடிவம் வரும். ‘க’ என்பது ஒருவரின் பொறுமையின்மையின் அளவு.

தொடக்கத்தில் பார்த்தவரை இதில் போட்டுப் பார்க்கலாம். இரவு 11 மணி வீடியோவுக்கு 4 மதிப்பெண், காலை 7 மணிக்குத் தெளிவாக எழுவதற்கு 10, காத்திருப்பு மணிக்கணக்கில், ‘க’ 1 என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக எடுத்தவை. நடக்கும் விதத்தைப் பாருங்கள். மாலை 5 மணிக்கு வீடியோ 6 மணி நேரம் தள்ளி இருக்கிறது: 4 ÷ 7 = 0.57. காலை 14 மணி நேரம் தள்ளி: 10 ÷ 15 = 0.67. சீக்கிரம் படுப்பதே மேல் என்று அவர் நேர்மையாகவே நினைக்கிறார். 6.40 ஆனதும் இரண்டும் 0.75 என்று சமமாகின்றன. அதன்பிறகு வீடியோ முந்துகிறது. 11 மணிக்கு 4க்கு எதிராக 1.11. மறுநாள் பழைய மதிப்பீடு திரும்பி வந்துவிடும், கூடவே வருத்தமும். காத்திருப்பின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மதிப்பு ஒரே விகிதத்தில் குறையும் அடுக்குக்குறி வளைவாக இருந்தால் இந்தக் குறுக்குவெட்டு நடக்காது. மாலையில் முந்தியதே இரவிலும் முந்தும்.

இது சாக்ரடீஸுக்குக் கிடைத்த வெற்றியா? பாதி. மதிப்பீடு உண்மையில் நகர்ந்துவிட்டது, ஆகவே அந்தக் கணத்தில் அவர் தன் மதிப்பீட்டுக்கு எதிராக நடக்கவில்லை. ஆனால் நகர்ந்தது அறியாமையால் அல்ல. இந்தக் கணக்கை முழுதும் தெரிந்தவருக்கும் 11 மணிக்கு அப்படியேதான் நகரும்.

ஐன்ஸ்லி சொன்ன மருந்து, இன்றைய இரவைத் தனியாகப் பார்க்காமல் வரப்போகும் இரவுகளை எல்லாம் ஒரே கட்டாகப் பார்ப்பது: ‘இன்று பார்த்தால் தினமும் பார்ப்பேன்.’ ஏழு நாள்களைச் சேர்த்து அதே எண்களோடு கூட்டினால் 11 மணிக்கு 4.40க்கு எதிராக 1.95. வீடியோதான் இன்னும் முன்னால். ஆனால் குறுக்குவெட்டும் நேரம் 6.40இலிருந்து ஏறத்தாழ 9 மணிக்குத் தள்ளிப்போகிறது. கட்டிப் பார்ப்பது சபலத்தை நேருக்கு நேர் தோற்கடிக்கவில்லை. பூட்டுப் போட, அதாவது பிறகு மனம் மாறினாலும் எளிதில் மீற முடியாத தடையை முன்கூட்டியே வைக்க, ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம் கூடுதலாகத் தருகிறது. அந்த நேரத்தில் பூட்டுப் போடாதவருக்கு இந்த உத்தி வெறும் குற்றவுணர்ச்சியாக முடியும். செயலியைத் திறக்க 15 நிமிடம் காக்க வைக்கும் தடைகள் பலரிடம் ஏன் தோற்கின்றன என்பதையும் இதே கணக்கு காட்டுகிறது: கால் மணி நேரத் தாமதம் 4ஐ 3.2 ஆக்கும், அவ்வளவுதான். அந்தத் தடைகள் உதவுவது அரிஸ்டாட்டில் சொன்ன பாய்கிறவர்களுக்கு.

கட்டிப் பார்ப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒருநாள் தவறினால் அது கட்டு முழுவதற்கும் எதிரான சாட்சியாகிவிடும். ‘போச்சு, இனி எதற்கு’ என்று மொத்தமாகக் கைவிடுவது இந்த வழியாகத்தான் வருகிறது. அதனால் விதிவிலக்குகளை முன்பே எழுதிவைக்க வேண்டும், வேறொருவர் பார்த்துச் சரிபார்க்கக்கூடியவையாக. ‘காய்ச்சல் இருந்தால்’ என்பது விதிவிலக்கு. ‘மனசு சரியில்லை என்றால்’ என்பது தப்பிக்கும் வழி.

இதுவரை மதிப்பீட்டைப் பற்றியே பேசினோம். ரிச்சர்ட் ஹோல்டன் 1999இல் கவனத்தை வேறு இடத்துக்குத் திருப்பினார். மனவுறுதி இல்லாதவர் என்று நாம் சாதாரணமாக யாரைச் சொல்கிறோம்? தன் மதிப்பீட்டை மீறியவரை அல்ல, எடுத்த தீர்மானத்தை எளிதில் கைவிட்டவரை. தீர்மானம் என்பதே, பின்னால் வரப்போகும் சபலத்தை எதிர்பார்த்து, அதற்கு எதிராக முன்கூட்டி எடுப்பது. அதே சபலம் வந்தவுடன் அதற்காகவே தீர்மானத்தை மாற்றினால் அது மனவுறுதிக் குறைவு. புதிய காரணம் வந்து மாற்றினால் இல்லை. இதன் நடைமுறைப் பொருள் கூர்மையானது: 11 மணிக்குத் தீர்மானத்தை மறுபரிசீலனைக்கு எடுக்கக் கூடாது. எடுத்தால், மேலே பார்த்தபடி, அந்த நேரத்துத் தராசு ஏற்கெனவே சாய்ந்திருக்கிறது. அங்கே நேர்மையாக வாதிடுபவர் நேர்மையாகவே தோற்பார்.

ஆக, ஒரே பெயரில் நாம் அழைப்பவை குறைந்தது நான்கு முறிவுகள்: யோசிக்காமல் பாய்வது, நேரத்தோடு மதிப்பீடு நகர்வது, முடிவு இருந்தும் செயல்திட்டமாக மாறாதது, முழுத் தெளிவோடு மீறுவது. ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. எது என்று கண்டுபிடிக்க, ‘நான் சோம்பேறி’ என்ற பொதுப் புகாரை விட்டுவிட்டு ஒரே ஒரு நிகழ்வை எடுக்க வேண்டும். முடிவெடுத்த நேரம், உடைந்த நேரம், உடைவதற்குச் சற்று முன்பு மனதில் ஓடிய வாக்கியம் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். உடைந்த சில நிமிடங்களுக்குள் எழுதுவது முக்கியம். காலையில் எழுதினால், நடுவில் நகர்ந்த மதிப்பீட்டை மறந்து, ‘எல்லாம் தெரிந்தே செய்தேன்’ என்று நினைவு கதையைத் திருத்திவிடும். உண்மையான அக்ரேசியா என்று பலரும் சொல்பவற்றில் பெரும்பகுதி இந்தத் திருத்தத்தில் பிறந்தது என்பது என் எண்ணம்.

அந்த வாக்கியம் ‘இன்னிக்கு மட்டும்’, ‘இதுல என்ன பெரிசா ஆயிடப்போகுது’ என்ற வகையில் இருந்தால் மதிப்பீடு நகர்ந்திருக்கிறது. வாக்கியமே இல்லை, கை தானாகப் போனது என்றால் பாய்ச்சல், அல்லது பழக்கம். முடிவு பற்றிய நினைப்பே எழாமல் நேரம் கடந்திருந்தால் செயல்திட்டம் இல்லை. ‘வேண்டாம், வேண்டாம்’ என்று ஓடிக்கொண்டே செய்திருந்தால் தெளிவான மீறல்.

செயல்திட்டம் இல்லாதவருக்கும் பாய்கிறவருக்கும் மிகவும் பயன்படுவது பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ வாக்கியம். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் நடுத்தரத்துக்கும் பெரியதற்கும் இடைப்பட்ட பலன் தெரிந்தது. விளைவின் அளவு 0.65. வாக்கியத்தின் முதல் பாதி கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘களைப்பாக இருந்தால் சீக்கிரம் படுப்பேன்’ வேலை செய்யாது, களைப்பு எந்த நொடியில் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாம் பாதி செய்யக்கூடிய செயலாக இருக்க வேண்டும்; ‘வீடியோ பார்க்க மாட்டேன்’ என்பது செயல் அல்ல. ‘8.30 அலாரம் அடித்ததும் கைப்பேசியைப் பக்கத்து அறையில் சார்ஜில் போட்டு, கதவைச் சாத்திவிட்டு வருவேன்’ என்பது சரியான வடிவம். மேலே ஏழு நாள்களைக் கட்டிப் போட்ட கணக்கின்படி 8.30க்கும் காரணம் இருக்கிறது: அது 9 மணிக் குறுக்குவெட்டுக்கு முன்னால். 10.45க்கு வைத்தால் அலாரத்தை அணைப்பதே அடுத்த அக்ரேசியாவாகும்.

மதிப்பீடு நகர்பவருக்குத் தேவை பூட்டு. திறவுகோல் வேறொருவர் கையில் இருந்தால்தான் அது பூட்டு. டான் ஏரியலியும் கிளாஸ் வெர்டன்புரோக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தாமதத்துக்குத் தண்டனை உண்டு என்று தெரிந்தும் மாணவர்கள் பலர் தங்களுக்குத் தாங்களே முன்கூட்டிய கெடுக்களை வைத்துக்கொண்டார்கள். அது உதவியது. ஆனால் பிறர் சமமான இடைவெளியில் வைத்துத் தந்த கெடுக்கள் அளவுக்கு இல்லை. தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நமக்குத் தெரிகிறது, எவ்வளவு இறுக்கமாக என்பது தெரிவதில்லை. கட்டிக்கொள்ள முன்வருபவர்களும் குறைவு. பிலிப்பைன்ஸில் புகைப்பவர்களிடம், பணத்தை ஆறு மாதம் கணக்கில் போட்டுவைத்து, சிறுநீர்ப் பரிசோதனையில் தோற்றால் இழந்துவிடும் ஒப்பந்தம் ஒன்றை வழங்கிப் பார்த்தார்கள். ஏற்றவர்கள் 11 சதவீதம். ஆயினும் ஒப்பந்தம் வழங்கப்பட்ட குழு முழுவதையும் எடுத்துக்கொண்டால், மற்றவர்களைவிட 3 சதவீதப் புள்ளி கூடுதலானோர் ஆறு மாதப் பரிசோதனையில் தேறினார்கள்.

மனவுறுதி தசைபோலக் களைத்துப்போகும், அதனால் சேமித்துச் செலவழிக்க வேண்டும் என்ற அறிவுரையை மட்டும் ஓரம் வைக்கலாம். 1998இல் ராய் பவ்மைஸ்டர் குழுவின் சோதனையால் அது புகழ்பெற்றது. 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சரிபார்த்தபோது விளைவு பூச்சியத்தை ஒட்டி நின்றது.

மிஞ்சுவது முழுத் தெளிவோடு மீறுபவர். இவருக்குப் பூட்டு, அலாரம் எல்லாம் இரண்டாம்பட்சம். செய்யாமல் இருக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். பலத்த காரணம் ஒன்று முன்னால் வந்தால், உதாரணமாக வேறொருவர் உள்ளே நுழைந்தால், அவரால் நிறுத்த முடிகிறதா? முடியவே இல்லை என்றால் தத்துவத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். முடிகிறது என்றால், திரும்பத் திரும்ப மீறப்படும் அந்த மதிப்பீட்டையே சோதிக்க வேண்டும். நோமி ஆர்பலி 2000இல் வாதிட்டதுபோல, நாம் எடைபோட்டுச் சொல்லும் முடிவு நம் காரணங்கள் எல்லாவற்றின் முடிவு அல்ல. சொல்லில் பிடிபட்டவற்றின் முடிவு மட்டுமே. மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின், தப்பி ஓடிய அடிமையான ஜிம்மைக் காட்டிக்கொடுப்பதே சரி என்று மனதார நம்புகிறான். வாய்ப்பு வந்தபோது முடியவில்லை. தன்னைக் கோழை என்று திட்டிக்கொள்கிறான். அவன் மதிப்பீடு தவறு, மீறல் சரி. ஜானதன் பென்னட் 1974இல் இந்த உதாரணத்தைத் தத்துவத்துக்குள் கொண்டுவந்தார்.

ஒரு படிப்பில் சேர்ந்து, அதுதான் தனக்கு நல்லது என்று நம்பி, புத்தகத்தைத் திறக்காமலே நாள்களைக் கடத்துபவரிடம் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். பாடத்தில் அவருக்கு எந்தப் பகுதி ஓடுகிறது, எந்தப் பகுதியில் கை நிற்கிறது என்று பட்டியல் எழுதச் சொல்லுங்கள். எல்லாப் பகுதியிலும் தொடங்குவதற்கு மட்டுமே தயக்கம், தொடங்கினால் ஓடிவிடுகிறது என்றால் மதிப்பீட்டில் கோளாறு இல்லை. அவருக்கு அலாரமும் சாத்திய கதவும் போதும். தொடங்கிய பிறகும் ஒவ்வொரு பகுதியிலும் கை நின்றால், சேர்வதற்கு முன் எழுதிய காரணங்களை மறுபடி எடுத்து, எதை விட்டுவிட்டோம் என்று தேட வேண்டும். அந்தத் தேடலை மட்டும், புத்தகம் முன்னால் திறந்திருக்கும் நேரத்தில் செய்யக் கூடாது.